கையெழுத்து ஜெனீவாவில், லத்தி லாக்கப்பில்

(மனித உரிமை நாளையொட்டித் தொழிற்சங்கப் படிப்பு வட்டம் ஒன்றில் நிகழ்த்தப்பட்ட உரை)



சர்வதேசச் சட்டம் என்றவுடன் நம்மில் பலருக்குக் கொட்டாவி வருவது இயல்பு. ஜெனீவாவில் கோட்டு சூட்டு போட்ட கனவான்கள் கூடுகிறார்கள், பேசுகிறார்கள், கையெழுத்துப் போடுகிறார்கள், விருந்து சாப்பிட்டுவிட்டு வீடு திரும்புகிறார்கள். நமக்கென்ன வந்தது என்று நினைக்கிறோம். ஆனால் மறியலில் கைதாகி ஸ்டேஷன் பெஞ்சில் ஓர் இரவு உட்கார்ந்திருந்தவர்கள் இந்தச் சபையில் பலர் இருக்கிறீர்கள். உங்களை அன்றிரவு அடிக்கலாமா, அடித்தால் அடித்தவனுக்கு என்ன தண்டனை என்ற கேள்வியும் அந்த ஜெனீவாக் கனவான்களின் மேஜைமீது இருக்கிறது. ஆகவே இன்றைக்கு ஒரே ஓர் ஒப்பந்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அது காகிதத்திலிருந்து லாக்கப் வரை எப்படி வந்து சேர்கிறது, அல்லது ஏன் வந்து சேரவில்லை என்று பார்ப்போம்.

சித்திரவதைக்கு எதிரான ஒப்பந்தத்தை ஐக்கிய நாடுகள் சபை 1984-ம் வருஷம் டிசம்பர் 10-ந் தேதி நிறைவேற்றியது. 1987 ஜூன் 26-ந் தேதி அது அமலுக்கு வந்தது. அதன் முதல் ஷரத்து சித்திரவதை என்றால் என்ன என்று கூறுகிறது. வாக்குமூலம் வாங்கவோ, தண்டிக்கவோ, பயமுறுத்தவோ, பாரபட்சம் காரணமாகவோ ஒரு மனிதனுக்கு வேண்டுமென்றே கடுமையான வேதனை தருவது சித்திரவதை. உடலில் தந்தாலும் சரி, மனதில் தந்தாலும் சரி. செய்பவன் சர்க்கார் உத்தியோகஸ்தனாக இருக்க வேண்டும். அல்லது அவன் சம்மதத்தோடு, அவன் கண்டும் காணாமல் இருக்க, அது நடந்திருக்க வேண்டும். இரண்டாவது ஷரத்துதான் முக்கியமானது. யுத்தம், உள்நாட்டுக் கலவரம், அவசர நிலை என்று எந்தக் காரணமும் சொல்லக்கூடாது. 'மேலதிகாரி உத்தரவிட்டார், செய்தேன்' என்ற சமாதானமும் செல்லாது. நாலாவது ஷரத்து, ஒவ்வொரு நாடும் இதைத் தனிக் குற்றமாக்கித் தன் சட்டத்தில் எழுத வேண்டும் என்கிறது. பதினைந்தாவது ஷரத்து, அடித்து வாங்கிய வாக்குமூலத்தைக் கோர்ட்டில் சாட்சியமாக எடுக்கக்கூடாது என்கிறது.

இந்த ஒப்பந்தத்தில் இந்திய சர்க்கார் 1997 அக்டோபர் 14-ந் தேதி கையெழுத்திட்டது. அதை ஊர்ஜிதம் செய்யவில்லை. கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் செய்யவில்லை.

கையெழுத்துக்கும் ஊர்ஜிதத்துக்கும் என்ன வித்தியாசம்? நம் வீட்டுப் பேச்சில் சொன்னால், கையெழுத்து நிச்சயதாம்பூலம். ஊர்ஜிதம் தாலி கட்டுவது. அதற்கேற்ற சட்டம் செய்வது குடும்பம் நடத்துவது. தாம்பூலம் மாற்றிக்கொண்டவன் வேறு இடத்தில் பெண் பார்க்கக்கூடாது என்ற அளவுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அதற்கு மேல் இல்லை. இந்திய சர்க்கார் இத்தனை வருஷமாகத் தாம்பூலத் தட்டோடு வாசலிலேயே நின்றுகொண்டிருக்கிறது!

தாலி கட்டினாலும் குடித்தனம் தானாக நடந்துவிடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். உலகத்தில் இரண்டு வழக்கங்கள் இருக்கின்றன. ஹாலந்து போன்ற சில நாடுகளில், ஒப்பந்தத்தை ஊர்ஜிதம் செய்துவிட்டால் அந்தச் ஷரத்துக்களைக் கோர்ட்டில் நேராக எடுத்துக் காட்டி வாதாடலாம். இங்கிலாந்தும், அதைப் பார்த்து நடந்த நாமும் வேறு வழி. நம் நாட்டில் சர்க்கார் ஊர்ஜிதம் செய்த ஒப்பந்தமும் பார்லிமெண்ட் சட்டம் செய்யும் வரை கோர்ட்டில் நேராகச் செல்லாது. அரசியல் சட்டத்தின் 51-வது ஷரத்து சர்வதேசச் சட்டத்துக்கு மரியாதை காட்டும்படி சர்க்காருக்குப் புத்தி சொல்கிறது. ஆனால் அது கட்டளை அல்ல. 253-வது ஷரத்து ஒப்பந்தங்களை நிறைவேற்றச் சட்டம் செய்யும் அதிகாரத்தைப் பார்லிமெண்டுக்குக் கொடுக்கிறது. அதிகாரம் உண்டு, கட்டாயம் இல்லை. இந்த இடைவெளியில்தான் சர்க்கார்கள் சௌகரியமாகப் படுத்து உறங்குகின்றன.

ஒப்பந்தத்துக்குள்ளேயே ஓட்டை வைக்கும் வித்தையும் புதிதல்ல. 1919-ல் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் பிறந்தபோது செய்த முதல் ஒப்பந்தம் வேலை நேரத்தைப் பற்றியது. ஆலைத் தொழிலாளிக்கு வாரம் 48 மணி நேரம் என்று அது விதித்தது. ஆனால் அதன் பத்தாவது ஷரத்து பிரிட்டிஷ் இந்தியாவுக்கு மட்டும் வாரம் 60 மணி என்றது! 1918-ல் சென்னை ஆலைகளில் சங்கம் கட்டிய தொழிலாளியின் முதுகு மற்ற நாட்டு முதுகைவிட 12 மணி நேரம் அதிகம் தாங்கும் என்று அந்த அறிவாளிகள் கண்டுபிடித்தார்கள் போலும். 1921-ல் இந்த ஒப்பந்தத்தை இந்தியா ஊர்ஜிதம் செய்தது. 48 மணி நேரம் நம் சட்டத்துக்கு வந்தது 1946-ம் வருஷ ஃபாக்டரித் திருத்தச் சட்டத்தில். அதற்குப் பின்னும் 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டசபையில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா வந்ததும், தொழிற்சங்கங்கள் ஒன்றுபட்டு எதிர்த்தபின் அது வாபஸ் பெறப்பட்டதும் உங்களுக்குத் தெரிந்த விஷயம்.

நிற்க. சித்திரவதைக்கு வருவோம்.

2017 மே மாதத்தில் ஜெனீவாவில் மனித உரிமைக் கவுன்ஸிலில் இந்தியாவின் நடத்தை பரிசீலிக்கப்பட்டது. ஒப்பந்தத்தை ஊர்ஜிதம் செய்யுங்கள் என்று பல நாடுகள் கேட்டன. இந்தியத் தூதுக் குழுவின் தலைவராகச் சென்ற அட்டர்னி ஜெனரல் முகுல் ரோத்தகி, சித்திரவதை என்பது நம் கலாசாரத்துக்கே அந்நியமானது, நம் ஆட்சி முறையில் அதற்கு இடமே இல்லை என்று பதில் சொன்னார்.

கலாசாரத்துக்கு அந்நியமா? நமது சொந்த மாகாணத்தின் தஸ்தாவேஜைப் புரட்டிப் பார்ப்போம்.

1854-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் ஒரு விவாதம் நடந்தது. சென்னை மாகாணத்தில் ரயத்துகளை அடித்தும் வதைத்தும் நிலவரி வசூலிக்கிறார்கள் என்று அங்கே புகார் எழுந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி முதலில் மறுத்தது. பிறகு வேறு வழியின்றிச் சென்னையில் மூன்று பேர் கொண்ட கமிஷனை நியமித்தது. 1855-ல் அந்தக் கமிஷன் அறிக்கை கொடுத்தது. சித்திரவதை உண்டு, வரி வசூலுக்கும் உண்டு, போலீஸ் விசாரணைக்கும் உண்டு என்று அது ஒப்புக்கொண்டது. அந்த இங்கிலீஷ் அறிக்கைக்குள் நம் தமிழ்ச் சொற்கள் அப்படியே ஏறி உட்கார்ந்திருக்கின்றன. கிட்டி: விரல்களைக் கட்டைகளுக்கு நடுவே வைத்து நெரிப்பது. அண்ணாந்தாள்: ஆளை வளைத்துக் கட்டி, வெயிலில் அப்படியே நிறுத்திவைப்பது. கண்ணில் மிளகாய், முதுகில் கல், சாப்பிட விடாமல் அடைத்துவைத்தல். வரி கட்ட முடியாத குடியானவனுக்குத் தாசில் கச்சேரியில் கிடைத்த மரியாதைகள் இவை.

இந்த அறிக்கையை லண்டனில் உட்கார்ந்து வரி விடாமல் படித்த ஒருவர் உண்டு. அவர் காரல் மார்க்ஸ். 1857-ல், சிப்பாய்களின் எழுச்சியைக் காட்டி இங்கிலாந்துப் பத்திரிகைகள் இந்தியர்களை மிருகங்கள் என்று தூற்றிக்கொண்டிருந்த நேரத்தில், நியூயார்க் டெய்லி டிரிப்யூன் பத்திரிகையில் இந்த அறிக்கையை எடுத்துவைத்து அவர் ஒரு கட்டுரை எழுதினார். தம் பிரஜைகளை இப்படி நடத்திய அந்நியரை அந்த மக்கள் விரட்ட முயன்றால் அது நியாயமா இல்லையா என்பதே அந்தக் கட்டுரை எழுப்பிய பிரச்னை.

கமிஷன் அறிக்கையில் இன்றைக்கும் நாம் கவனிக்க வேண்டிய இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, பழி முழுவதையும் அது கீழ்மட்ட இந்தியச் சிப்பந்திகள் மேல் போட்டது. வெள்ளைக்காரக் கலெக்டர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று அவர்களை விடுவித்துவிட்டது. வரிப் பணம் மட்டும் கலெக்டர் கஜானாவுக்குப் போகும், அது எப்படி வந்தது என்பது அவருக்குத் தெரியாது! இன்றைக்கு ஒரு லாக்கப் மரணம் நடந்தால் சஸ்பெண்டு ஆவது யார், பதவி உயர்வு பெறுவது யார் என்று பாருங்கள். இரண்டாவது, அடிபட்டவன் முறையிட்டு நியாயம் பெறுவது எவ்வளவு கஷ்டம் என்பதே தங்களை மிகவும் வருத்தியது என்று அந்தக் கமிஷனர்களே எழுதினார்கள். அடித்தவர்களிடமே போய் அடித்ததாகப் புகார் கொடுக்க வேண்டிய நிலைமை. 1855-ல் எழுதியது இது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் போலீஸ் சட்டங்கள் இந்த அறிக்கைக்குப் பின்னால் வந்தவை. போலீசிடம் கொடுத்த வாக்குமூலம் சாட்சியமாகாது என்று 1872-ம் வருஷ சாட்சியச் சட்டத்தில் எழுதப்பட்டது. தன் போலீஸைத் தானே நம்பாத சர்க்கார் எழுதிய சட்டம் அது. பழைய சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் வந்திருக்கும் புதிய சாட்சியச் சட்டத்திலும் அந்த விதி இருக்கிறது. கலாசாரத்துக்கே அந்நியமான ஒரு காரியத்துக்கு 150 வருஷமாக இந்தப் பூட்டு எதற்கு?

சுதந்திரத்துக்குப் பின் என்ன நடந்தது? 1948 டிசம்பர் 10-ந் தேதி பாரிஸில் சர்வதேச மனித உரிமைப் பிரகடனம் நிறைவேறியது. 48 நாடுகள் ஆதரித்தன. சோவியத் யூனியனும் அதன் நேச நாடுகளும், சவூதி அரேபியாவும், தென்னாப்பிரிக்காவும் சேர்ந்து 8 நாடுகள் நடுநிலை வகித்தன. எதிர்த்து ஓட்டளித்த நாடு ஒன்றுகூட இல்லை. இந்தியா ஆதரித்தது. முதல் ஷரத்தில் 'எல்லா ஆண்களும்' என்று பொருள்படும்படி இருந்த சொல்லை மாற்றி 'எல்லா மனிதப் பிறவிகளும்' என்று எழுத வைத்தவர் நம் நாட்டு ஹன்ஸா மேத்தா. அது நமக்குப் பெருமை. யாரையும் சித்திரவதை செய்யக்கூடாது என்பது அந்தப் பிரகடனத்தின் ஐந்தாவது ஷரத்து.

அந்தப் பிரகடனத்துக்கு 14 மாதம் கழித்து, 1950 பிப்ரவரி 11-ந் தேதி, சேலம் மத்தியச் சிறையில் அடைபட்டிருந்த நமது தோழர்கள்மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. 22 பேர் மாண்டார்கள். குடியரசின் புதிய அரசியல் சட்டத்துக்கு அன்று வயது 16 நாள்.

அதே வருஷத்தில் சென்னைச் சிறையிலிருந்து தோழர் ஏ. கே. கோபாலன் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். விசாரணையில்லாமல் அடைத்துவைக்கும் தடுப்புக் காவல் சட்டம் செல்லாது என்பது அவர் வழக்கு. பார்லிமெண்ட் எந்த முறையைச் சட்டமாக எழுதினாலும் அதுவே முறை, அது நியாயமான முறையா என்று கோர்ட் பார்க்காது என்று பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். நீதிபதி ஃபஸல் அலி மாறுபட்டார். அந்தப் பெரும்பான்மைக் கருத்தைச் சுப்ரீம் கோர்ட் கைவிட்டது 1978-ல், மேனகா காந்தி வழக்கில். ஒரு கம்யூனிஸ்ட் கைதி கேட்ட கேள்விக்குச் சரியான பதில் வர 28 வருஷம்! நடுவில் 1975-லிருந்து 1977 வரை நெருக்கடி நிலையையும் நாடு அனுபவித்துவிட்டது.

நெருக்கடி நிலை ஒழிந்தபின், 1979 ஏப்ரல் 10-ந் தேதி, சிவில் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச ஒப்பந்தத்தை இந்தியா ஊர்ஜிதம் செய்தது. 1966-ல் பிறந்த ஒப்பந்தம் அது. ஊர்ஜிதம் செய்யும்போதே சில நிபந்தனைகளை ஒட்டவைத்தார்கள். தடுப்புக் காவலை ஒப்பந்தம் தொடக்கூடாது என்பது அவற்றில் ஒன்று. சட்ட விரோதமாகக் கைது செய்யப்பட்டவனுக்கு நஷ்டஈடு பெறும் உரிமை உண்டு என்ற பகுதி எங்களுக்குப் பொருந்தாது என்பது இன்னொன்று. விருந்துக்கு வருகிறேன், இலையில் உப்பு வைக்காதே, சோறும் போடாதே என்று சொல்வது போல இருக்கிறது இது.

இங்கேதான், தோழர்களே, ஓர் ஏழைத் தாய் வருகிறாள். ஒரிசாவில் 1987 டிசம்பர் 1-ந் தேதி அவளுடைய 22 வயது மகனைப் போலீஸ் பிடித்துப் போனது. மறுநாள் ரயில் பாதையில் அவன் பிணம் கிடந்தது. காவலிலிருந்து ஓடிப்போய் ரயிலில் அடிபட்டான் என்றது போலீஸ். உடம்பில் இருந்தவை தடியால் அடித்த காயங்கள் போன்றவை என்றது டாக்டர் சாட்சியம். அந்தத் தாய்க்கு வக்கீல் இல்லை, பணம் இல்லை. சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதினாள். அந்தக் கடிதத்தையே மனுவாக ஏற்றார்கள். 1993-ல் தீர்ப்பு வந்தது. சர்க்கார் அவளுக்கு 1,50,000 ரூபாய் நஷ்டஈடு தர வேண்டும் என்றது கோர்ட். அந்தத் தீர்ப்பில் நீதிபதிகள் எதைத் துணைக்கு அழைத்தார்கள் தெரியுமா? சர்க்கார் தனக்குப் பொருந்தாது என்று ஒதுக்கிவைத்திருந்த அதே ஒன்பதாவது ஷரத்தின் நஷ்டஈட்டுப் பகுதியைத்தான்! 1996 டிசம்பரில் டி. கே. பாசு வழக்கில் கோர்ட் இன்னும் ஒரு படி மேலே போய், அந்த நிபந்தனைக்கு இப்போது பொருளில்லை என்று சொல்லிவிட்டது. சர்க்கார் வாசல் கதவைச் சாத்தியது. ஒரு தாயின் தபால் கொல்லைப்புறமாக உள்ளே போனது.

கோர்ட்டுகள் இப்படிச் செய்தது இது ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம். 1957-ல் தோழர் இ.எம்.எஸ். தலைமையில் அமைந்த கேரள மந்திரிசபையில் சட்ட மந்திரியாக இருந்த வி. ஆர். கிருஷ்ணய்யர், 1980-ல் சுப்ரீம் கோர்ட் நீதிபதியாகக் கொச்சி வங்கி வழக்கை விசாரித்தார். கடனைக் கட்ட வக்கில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவனைச் சிறையில் போடலாகாது என்பது அதே சர்வதேச ஒப்பந்தத்தின் பதினோராவது ஷரத்து. ஒப்பந்தம் நேராகச் செல்லாது என்று ஒப்புக்கொண்டே, நம் சிவில் சட்டத்தை அந்த ஷரத்தின் வெளிச்சத்தில் படித்து, கெட்ட எண்ணம் இல்லாத ஏழைக் கடனாளிக்குச் சிறை இல்லை என்றார் அவர். 1997-ல் விசாகா வழக்கிலும் இதே வழிதான். ராஜஸ்தானில் குழந்தை மணத்தைத் தடுக்கப்போன கிராமப் பெண் ஊழியர் கூட்டாகப் பலாத்காரம் செய்யப்பட்டதிலிருந்து எழுந்த வழக்கு அது. வேலை செய்யும் இடத்தில் பெண்ணுக்குப் பாதுகாப்புத் தரச் சட்டமே இல்லாத நிலையில், பெண்களுக்கெதிரான பாரபட்சத்தை ஒழிக்கும் சர்வதேச ஒப்பந்தத்தை வைத்துக் கோர்ட் விதிகள் வகுத்தது. பார்லிமெண்ட் அதற்குச் சட்டம் செய்தது 2013-ல். 16 வருஷம் தூங்கி விழித்தார்கள்.

ஆனால் நீதிபதிகளை நம்பி உட்கார்ந்திருக்கவும் முடியாது. சித்திரவதைக்குத் தனிச் சட்டம் செய்யும்படி உத்தரவிடக் கோரிய வழக்கில், பார்லிமெண்டுக்கு உத்தரவிட எங்களுக்கு அதிகாரமில்லை என்று 2019-ல் அதே சுப்ரீம் கோர்ட் கையை விரித்துவிட்டது.

பார்லிமெண்ட் என்ன செய்தது? 2010 மே மாதத்தில் லோக் சபையில் சித்திரவதைத் தடுப்பு மசோதா ஒன்று நிறைவேறியது. அந்த மசோதாவைப் படித்துப் பார்த்தால் அது சித்திரவதையைத் தடுக்க வந்ததா, சித்திரவதைக்காரனைக் காக்க வந்ததா என்ற சந்தேகம் வரும். கொடுங்காயமோ உயிருக்கு ஆபத்தோ ஏற்பட்டால்தான் சித்திரவதை. புகாரை ஆறு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். வழக்குத் தொடர சர்க்கார் அனுமதி வேண்டும். ராஜ்ய சபையில் அதை ஒரு தேர்வுக் கமிட்டிக்கு அனுப்பினார்கள். கமிட்டி பல திருத்தங்கள் செய்து நல்ல மசோதாவாக்கித் திருப்பிக் கொடுத்தது. நல்லதாகிவிட்டதாலோ என்னவோ, அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை! 2014-ல் லோக் சபை கலைந்தது; மசோதாவும் செத்தது. 2017 அக்டோபரில் சட்டக் கமிஷன் தனது 273-வது அறிக்கையில் புதிய மசோதாவை எழுதியே கொடுத்தது. அதுவும் அலமாரியில் இருக்கிறது. 1985-லேயே அந்தக் கமிஷன் சொன்ன இன்னொரு யோசனையும் அங்கேதான் இருக்கிறது: போலீஸ் காவலில் ஒருவனுக்குக் காயம் ஏற்பட்டால், காயப்படுத்தியது போலீஸ்தான் என்று கோர்ட் அனுமானிக்கலாம், இல்லை என்று நிரூபிப்பது போலீசின் பொறுப்பு என்ற யோசனை. நாலு சுவருக்குள் அடிபட்டவன் சாட்சிக்கு எங்கே போவான்? இந்த ஒரு வரியைச் சட்டத்தில் சேர்த்திருந்தால் எத்தனையோ வழக்குகளின் முடிவு மாறியிருக்கும்.

'ஊர்ஜிதம் செய்த நாடுகள் மட்டும் யோக்கியமா?' என்று சிலர் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அமெரிக்கா இந்த ஒப்பந்தத்தை 1994-ல் ஊர்ஜிதம் செய்தது. 2002-ல் குவாண்டனாமோ சிறையைத் திறந்தது. உடலுறுப்பு செயலிழக்கும் அளவுக்கு வலி இருந்தால்தான் சித்திரவதை என்று அந்த சர்க்காரின் வக்கீல்களே குறிப்பெழுதிக் கொடுத்தார்கள். இலங்கை 1994-ல் ஒப்பந்தத்தில் சேர்ந்து, அதே வருஷம் தனிச் சட்டமும் செய்தது. குறைந்தது ஏழு வருஷச் சிறை. ஆனால் அதற்கு முன் 1979-ல் செய்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தில், உதவி சூப்பரிண்டெண்டுக்குக் குறையாத போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் சாட்சியமாகும் என்ற பிரிவை எடுக்காமல் வைத்துக்கொண்டது. ஒரு கையால் பூட்டு, மறு கையால் சாவி. அந்தப் பிரிவால் வருஷக்கணக்கில் சிறையில் வாடியவர்களில் பெரும்பாலோர் தமிழ் இளைஞர்கள். சோவியத் நாட்டிலும் 1930-களின் வழக்குகளில் அடித்து வாங்கிய வாக்குமூலங்கள் இருந்தன என்று 1956-ல் குருஷேவே தம் கட்சிக் காங்கிரசில் சொன்னார். அமெரிக்கா அடித்தால் குற்றம், நம் பக்கத்தில் அடித்தால் அவசியம் என்ற பேச்சுக்கு இந்த ஒப்பந்தத்தில் இடமில்லை. இடமில்லாததும் நல்லதுதான்.

மறுபுறம் வங்காள தேசத்தைப் பாருங்கள். 1998-ல் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. 2013-ல் சட்டம் செய்தது. 2020 செப்டம்பரில் டாக்கா கோர்ட் அந்தச் சட்டத்தின்கீழ், லாக்கப்பில் ஒரு வாலிபரைக் கொன்றதற்காக மூன்று போலீஸ்காரர்களுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. பாகிஸ்தான் 2010-ல் ஊர்ஜிதம் செய்து 2022-ல் சட்டம் செய்தது. அங்கே லாக்கப்புகளெல்லாம் சொர்க்கமாகிவிட்டன என்று நாம் சொல்லவில்லை. இறந்தவனின் குடும்பத்தார் கையில் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு இருக்கிறது என்று சொல்லுகிறோம். நம் ஊரில் அந்தக் கயிறு இல்லை.

ஊர்ஜிதம் செய்யாததால் சர்க்காருக்கே நஷ்டம் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. 1995 டிசம்பரில், தோழர் ஜோதிபாசு முதல் மந்திரியாக இருந்த மேற்கு வங்காளத்தில், புரூலியா ஜில்லாவில் ஒரு விமானம் இரவில் ஆயுதங்களைக் கொட்டிவிட்டுப் போனது. அதில் முக்கியக் குற்றவாளியாகத் தேடப்பட்ட கிம் டேவி என்பவன் தப்பி, தன் நாடான டென்மார்க்குக்குப் போய்விட்டான். அவனைக் கொடுங்கள் என்று இந்தியா கேட்டது. இந்தியாவுக்கு அனுப்பினால் சித்திரவதைக்கு ஆளாகும் அபாயம் இருக்கிறது என்று 2011-ல் அந்நாட்டு ஹைகோர்ட் மறுத்துவிட்டது. எங்கே சித்திரவதை நடக்குமோ அங்கே ஆளை அனுப்பாதே என்பது ஒப்பந்தத்தின் மூன்றாவது ஷரத்து. ஏழை எளியவர்களை அடிக்கும் பழக்கத்தை விட மனமில்லாத சர்க்காரின் கையிலிருந்து ஆயுதக் கடத்தல்காரனும் நழுவிவிட்டான்.

நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். 1992 ஜூன் 20-ந் தேதி தர்மபுரி ஜில்லா வாச்சாத்தியில் வனத்துறை, போலீஸ், ரெவினியூ மூன்று இலாகாவும் சேர்ந்து நுழைந்தன. சந்தனக் கட்டை தேடுவதாகப் பெயர். மலைவாழ் மக்களை அடித்தார்கள், வீடுகளைச் சூறையாடினார்கள், 18 பெண்களைப் பலாத்காரம் செய்தார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று சர்க்கார் சொன்னது. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் கோர்ட் கோர்ட்டாக ஏறி விசாரணையைச் சி.பி.ஐ. கைக்கு மாற்ற வைத்தார்கள். 2011 செப்டம்பர் 29-ந் தேதி தீர்ப்பு வந்தபோது, குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது கோர்ட். 2023 செப்டம்பரில் சென்னை ஹைகோர்ட் அதை உறுதி செய்து, அந்தப் பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 லட்ச ரூபாய் தரச் சொன்னது. மொத்தம் 31 வருஷம். சித்திரவதைக்குத் தனிச் சட்டம் இருந்திருந்தால் 31 நாளில் முடிந்திருக்கும் என்று நாம் பொய் சொல்லமாட்டோம். ஆனால் அந்தப் பெண்கள் தாமரசப்படாமல் ஒவ்வொரு வாய்தாவுக்கும் நடந்த நடை இருக்கிறதே, அதில் பாதியாவது மிச்சமாகியிருக்கும்.

2020 ஜூனில் சாத்தான்குளம். ஊரடங்கு நேரத்தில் கடையைக் கூடுதல் நேரம் திறந்துவைத்ததாகச் சொல்லித் தந்தையையும் மகனையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். ஒரு நாள் இடைவெளியில் இருவரும் இறந்தார்கள். விசாரிக்கப்போன மாஜிஸ்டிரேட், ஸ்டேஷன் காமெராப் பதிவுகள் அன்றன்றே அழியும்படி வைக்கப்பட்டிருந்ததைக் கண்டு ஹைகோர்ட்டுக்கு எழுதினார். அங்கே அன்றிரவு வேலையிலிருந்த ஒரு பெண் தலைமைக் காவலர் துணிந்து உண்மையைச் சொன்னார். அதே வருஷம் டிசம்பரில் சுப்ரீம் கோர்ட், நாட்டின் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் காமெரா வேண்டும், பதிவுகளை 18 மாதமும், வசதியில்லாத இடத்தில் ஒரு வருஷத்துக்குக் குறையாமலும் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

ஆகவே, ஒப்பந்தம் ஊர்ஜிதமாகும் வரை சும்மா இருப்பதா? இல்லை. இன்றைக்கே நம் கையில் இருப்பவற்றைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். டி. கே. பாசு தீர்ப்பு சொன்னவற்றில் பெரும்பகுதி இப்போது கிரிமினல் நடைமுறைச் சட்டத்திலேயே ஏறிவிட்டது. கைது செய்ய வருபவர் சட்டையில் பெயர் தெளிவாகத் தெரிய வேண்டும். கைதுக் குறிப்பு எழுதி, நேரமும் தேதியும் போட்டு, குடும்பத்தாரோ உள்ளூர்க்காரரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும். கைதானவர் சொல்லும் ஆளுக்குத் தகவல் போக வேண்டும். உடம்பில் காயம் உண்டா இல்லையா என்று அப்போதே எழுத வேண்டும் என்று கேட்கலாம். 48 மணிக்கு ஒரு முறை டாக்டர் பார்க்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்டிரேட் முன் நிறுத்த வேண்டும். மாஜிஸ்டிரேட் 'அடித்தார்களா?' என்று கேட்கும்போது, பக்கத்தில் நிற்கும் போலீஸ்காரரைப் பார்க்காமல் பதில் சொல்ல நம் தொழிலாளிக்குத் தைரியம் வேண்டும். அதற்கு அந்தக் கோர்ட் ஹாலில் சங்கத்தார் நாலு பேர் நிற்க வேண்டும். லாக்கப்பில் மரணம் நேர்ந்தால் ஜுடிஷியல் மாஜிஸ்டிரேட் விசாரித்தே தீர வேண்டும். 24 மணி நேரத்துக்குள் தேசிய மனித உரிமைக் கமிஷனுக்கு அறிக்கை போக வேண்டும். அந்தக் கமிஷனுக்குச் சிபாரிசு செய்யத்தான் அதிகாரம், உத்தரவிட இல்லை. அதுவும் சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள் புகார் போக வேண்டும். இதைத் தெரியாமல் தவறவிட்டவர்கள் அநேகர்.

இவற்றைத் தமிழில் ஒரு பக்கத்தில் அச்சிட்டு ஒவ்வொரு கிளைச் சங்க ஆபீசிலும் ஒட்டும்படி கேட்டுக்கொள்ளுகிறோம். பிரதி எடுத்து வந்திருக்கிறோம். வாசலில் மேஜைமேல் இருக்கிறது. தண்டனைக்கு சர்க்கார் அனுமதி வேண்டும் என்ற பிரிவைப் பற்றி ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார். அதிலிருந்தே கேள்விகளைத் தொடங்குவோம்.